'தைராய்டில் கட்டி' என்று மட்டும் எழுதினால் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உள்ளூர்ப் பக்கங்களில் 'இலவச தைராய்டு ஸ்கேன் முகாம்' என்ற அறிவிப்பை அவ்வப்போது பார்க்க முடிகிறது. முகாம் நடத்துகிறவர்களின் நல்லெண்ணத்தில் சந்தேகமில்லை. ஆனால் அங்கிருந்து மக்கள் வாங்கி வரும் தாளில் பெரும்பாலும் இரண்டே வரிதான் இருக்கும்: 'வலது மடலில் 1.2 செ.மீ. நாட்யூல். எஃப்.என்.ஏ.சி. செய்யவும்.' கட்டி கெட்டியா, நீர் நிறைந்ததா, விளிம்பு எப்படி, உள்ளே சுண்ணாம்புப் புள்ளி உண்டா என்று எதுவும் இருக்காது. நாட்யூல் என்றால் கட்டி. எஃப்.என்.ஏ.சி. என்பது மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல் எடுத்துச் சோதிப்பது, இனி 'ஊசி' என்றே சொல்கிறோம். அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு நம் குமரி மாவட்டத்தின் கருங்கல், குளச்சல் ஊர்களில் இருக்கிற குடும்பம் முதலில் நாகர்கோவிலுக்கு ஓடும், பிறகு 'எதுக்கும் ஒரு எட்டு பார்த்துடுவோம்' என்று திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கு (மண்டலப் புற்றுநோய் மையம்) வண்டி பிடிக்கும். அந்த அலைச்சலில் பெரும்பகுதி தேவையற்றது. தொந்தரவே இல்லாத கழுத்தை முகாம் போட்டு ஸ்கேன் செய்ய வேண்டாம். காரணம் இருந்து செய்கிற ஸ்கேனுக்கு முழுமையான ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் சொல்லத்தான் இக்கடிதம்.

தைராய்டு கட்டி அபூர்வமானதல்ல. கையால் தடவினாலே தெரிகிற கட்டி, பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேர் வரையிலும் ஆண்களில் ஒருவருக்கும் இருக்கும். ஸ்கேன் கருவியை வைத்துத் தேடினால், எந்தத் தொந்தரவும் இல்லாத பெரியவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் இருவர் வரை ஏதோ ஒரு நாட்யூல் அகப்படும். வயது கூடக் கூட எண்ணிக்கையும் கூடும். அவற்றில் புற்றுநோயாக இருப்பது சுமார் 7 முதல் 15 சதவீதம். அதிலும் பெரும்பகுதி பாப்பிலரி வகை, மெதுவாக வளரக்கூடியது.

எல்லோரையும் ஸ்கேன் செய்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா பாடம். அங்கே மற்ற புற்றுநோய்களுக்கான பரிசோதனையோடு கழுத்து ஸ்கேனையும் கூடுதல் கட்டணத்தில் சேர்த்துக் கொடுத்தார்கள். 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் கண்டறிதல் 15 மடங்கானது. இறப்பு விகிதமோ இம்மியும் மாறவில்லை. அதாவது, ஆயுள் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்திருக்கும் கட்டிகளைத் தேடிப் பிடித்து வெட்டியிருக்கிறார்கள். வெட்டியதற்கும் விலை உண்டு: தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை, சிலருக்கு தைராய்டை ஒட்டியுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் சேதமாகி கால்சியம் குறைந்து கைகால் இழுப்பு, சிலருக்குக் குரல் நரம்பு பாதித்து கரகரப்பு. பள்ளி ஆசிரியருக்கும் துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறவருக்கும் குரல் போனால் பிழைப்பே போயிற்று. 2014-இல் அங்குள்ள மருத்துவர்களே இதைப் பகிரங்கமாகப் பேசத் தொடங்கிய பிறகு, ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சைகள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அறிகுறி இல்லாத பெரியவர்களுக்கு தைராய்டு புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2017-இல் பரிந்துரைத்தது.

அப்படியானால் யாருக்கு ஸ்கேன்? கழுத்தில் கட்டி தெரிகிறவருக்கு, அல்லது மருத்துவர் தொட்டு உணர்ந்தவருக்கு. நெறிக்கட்டி வாரக்கணக்கில் வற்றாதவருக்கு. காரணமின்றிக் குரல் மாறி அப்படியே நிற்கிறவருக்கு. சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவருக்கு. இரத்த உறவில் தைராய்டு புற்றுநோய், குறிப்பாக மெடுல்லரி வகை, உள்ளவருக்கு. இவருக்கு, மெடுல்லரி வகையைக் காட்டிக்கொடுக்கும் கால்சிடோனின் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். வேறு காரணத்துக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் நாட்யூல் தெரிந்தவருக்கு. பெட் ஸ்கேனில் தைராய்டில் ஓரிடம் மட்டும் பளிச்சென்று எரிந்தால் அதை விட்டுவிடவே கூடாது. அத்தகைய கட்டிகளில் மூன்றில் ஒன்று புற்றுநோயாக இருக்கக்கூடும். டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) சற்றுக் கூடியிருக்கிறது, உடம்பு பருமனாகிறது, முடி கொட்டுகிறது என்பதற்காக மட்டும் கழுத்து ஸ்கேன் எழுதத் தேவையில்லை. நம் மாவட்டத்தில் தேவையில்லாமல் நடக்கும் ஸ்கேன்களில் பெரும்பங்கு இந்த வகைதான் என்பது எங்கள் எண்ணம்.

கட்டி இருப்பது உறுதியானதும் ஸ்கேனோடு டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். அது இயல்பைவிடக் குறைந்திருந்தால் கட்டியே ஹார்மோனைச் சுரக்கிறதோ என்ற சந்தேகம் வரும். அப்போது ஊசிக்கு முன் டெக்னீஷியம் அல்லது அயோடின் ஐசோடோப் ஸ்கேன். 'ஹாட் நாட்யூல்' என்று வந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு, ஊசி வேண்டியதில்லை. டி.எஸ்.எச். இயல்பாகவோ கூடுதலாகவோ இருந்தால் ஐசோடோப் ஸ்கேனால் பயனில்லை. அல்ட்ராசவுண்டே முடிவு சொல்லும்.

இனி ஸ்கேன் செய்யும் விதம். வெறும் வயிறு வேண்டாம், மருந்து நிறுத்த வேண்டாம். மல்லாந்து படுக்க வைத்து, தோள்களுக்குக் கீழே தலையணை கொடுத்து, கழுத்து பின்னால் சாய வேண்டும். தலையணையைத் தலைக்குக் கீழே வைத்தால் கழுத்து மடங்கி, மடல்களின் கீழ்முனை காறை எலும்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். வயிறு பார்க்கிற வளைந்த புரோப் (உடம்பில் வைத்துப் பார்க்கும் கருவிமுனை) இதற்கு ஆகாது. 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரையிலான நேர்கோட்டு புரோப் வேண்டும். முகாமுக்குத் தூக்கி வரும் சிறிய கருவிகள் சிலவற்றில் வயிற்று புரோப் மட்டுமே இருக்கும். அதில் அரை செ.மீ. கட்டியின் விளிம்பைப் பற்றிப் பேசுவதே வீண். இரண்டு மடல்களையும், நடுவில் இணைக்கும் இஸ்த்மஸையும் குறுக்குவாட்டிலும் நெடுக்குவாட்டிலும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டிக்கும் மூன்று அளவு எடுக்க வேண்டும். கட்டியைச் சுற்றி மெல்லிய கருவளையம் இருந்தால் அதையும் சேர்த்தே அளக்க வேண்டும். ஒருவர் சேர்த்தும் இன்னொருவர் விட்டும் அளந்தால், அடுத்த ஆண்டு கட்டி 'வளர்ந்திருக்கும்'.

எப்படிப்பட்ட கட்டி என்பதற்கு அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி 2017-இல் வெளியிட்ட டைராட்ஸ் மதிப்பெண் முறை இன்று பரவலாகப் புழங்குகிறது. ஐந்து அம்சங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகையை எடுப்பதுதான் முறை.

முதலில் கட்டி எதனால் ஆனது என்பது. முழுக்க நீர் என்றால் 0. கட்டியில் பாதிக்கு மேல் ஆப்பத்தின் நடுப்பகுதி போலச் சின்னச் சின்னத் துளைகள் நெருங்கியிருந்தால் அதுவும் 0. அது பஞ்சு வகை, அதற்கு மற்ற நான்கு அம்சங்களின் மதிப்பெண்ணையும் சேர்க்கக்கூடாது. நீரும் கெட்டியும் கலந்தது 1, முழுக்கவோ ஏறக்குறைய முழுக்கவோ கெட்டி என்றால் 2. அடுத்தது நிறம், அதாவது எதிரொலி. சுற்றியுள்ள தைராய்டு திசுவின் அளவு வெளுப்பாகவோ அதைவிட வெளுப்பாகவோ இருந்தால் 1, திசுவைவிடக் கருப்பு என்றால் 2, முன்கழுத்துத் தசையைவிடவும் கருப்பு என்றால் 3. இந்த 2-க்கும் 3-க்கும் இடையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கருவியின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தால் எல்லாமே மாறித் தெரியும் என்பதால், கட்டியும் தசையும் ஒரே படத்தில் விழும்படி எடுத்து ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது வடிவம். குறுக்குவாட்டுப் படத்தில் கட்டியின் உயரம் அகலத்தைவிடக் கூடுதலாக இருந்தால் 3, இல்லாவிட்டால் 0. சாதாரணக் கட்டி திசுவின் அடுக்கை ஒட்டிப் படுத்தே வளரும். அடுக்கைத் தாண்டி நிமிர்ந்து வளர்வது நல்ல அறிகுறியல்ல. புரோபை அழுத்திப் பிடித்தால் நிமிர்ந்த கட்டியும் படுத்தது போல் தெரியும் என்பதை மறக்கக்கூடாது. நான்காவது விளிம்பு. வழவழப்பு 0. விளிம்பு மங்கலாகத் தெரிந்தாலும் 0தான். 'விளிம்பு தெளிவில்லை, புற்றுநோய் சந்தேகம்' என்று எழுதுவது தவறு. மடிப்பு மடிப்பாகவோ முள் முள்ளாகவோ இருந்தால் 2. தைராய்டு உறையைத் தாண்டித் தசைக்குள் நுழைந்திருந்தால் 3.

ஐந்தாவது, கட்டிக்குள் தெரியும் வெள்ளைப் புள்ளிகள். அதிகம் தவறு நடப்பது இங்கேதான், அதனால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் கருநிழல் விழும் பெரிய கால்சியம் படிவுக்கு 1. கட்டியைச் சுற்றி ஓடு போலப் படிந்த கால்சியத்துக்கு 2. ஒரு மி.மீ.க்கும் குறைந்த, நிழலில்லாத நுண்புள்ளிகளுக்கு 3. ஒரே கட்டியில் மூன்று வகையும் இருந்தால் மூன்றையும் கூட்ட வேண்டும். நுண்புள்ளி, பாப்பிலரி புற்றுநோயில் காணும் சம்மோமா எனும் நுண்ணிய கால்சியம் படிவுகளாக இருக்கலாம், அதனால்தான் 3. ஆனால் எல்லா வெள்ளைப் புள்ளியும் அதுவல்ல. தைராய்டுக்குள் இருக்கும் கூழ்மம் கெட்டிப்பட்டால் அதன் பின்னால் முக்கோணமாக மங்கிக்கொண்டே போகும் வால் தெரியும். ஒரு மி.மீ.க்கு மேல் நீண்ட அந்த வால், நீர் நிறைந்த பகுதிக்குள் இருந்தால் 0. நேர்மாறாக, அது தீங்கற்ற கட்டிக்கே அடையாளம். சின்ன நீர்த்துளையின் பின்சுவரில் ஒலி பட்டுத் தெறிக்கும் மினுக்கமும் நுண்புள்ளி போலவே தோன்றும். புரோபை மெல்லச் சாய்த்துப் பார்த்தால், மினுக்கம் துளையின் பின்சுவரோடு ஒட்டியே நிற்பது தெரிந்துவிடும். அவசரமாகப் பார்க்கிறவர் இரண்டையும் 'மைக்ரோ கால்சிபிகேஷன்' என்று எழுதிவிடுகிறார். ஒரு சொல்லில் மூன்று மதிப்பெண் ஏறிவிடுகிறது.

கட்டிக்குள் இரத்த ஓட்டம் அதிகமா என்று கலர் டாப்ளர் காட்டும் சிவப்பும் நீலமும் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. வண்ணப்படத்தைப் பார்த்து மிரளத் தேவையில்லை.

கூட்டுத்தொகை 0 என்றால் டைராட்ஸ் 1-ஆம் வகை, சுருக்கமாக டி.ஆர்.1, 2 என்றால் டி.ஆர்.2. இரண்டிலும் புற்றுநோய் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டைத் தாண்டாது. எவ்வளவு பெரிதானாலும் புற்றுநோய்ச் சந்தேகத்துக்காக ஊசி வேண்டாம். 3 மதிப்பெண் டி.ஆர்.3, வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே, 2.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் ஊசி, 1.5 செ.மீ. முதல் கண்காணிப்பு. 4 முதல் 6 வரை டி.ஆர்.4, வாய்ப்பு 5 முதல் 20 சதவீதம், 1.5 செ.மீ. முதல் ஊசி, 1 செ.மீ. முதல் கண்காணிப்பு. 7-ம் அதற்கு மேலும் டி.ஆர்.5, வாய்ப்பு 20 சதவீதத்துக்கு மேல், 1 செ.மீ. முதல் ஊசி, அரை செ.மீ. முதல் ஆண்டுதோறும் ஸ்கேன்.

அளவு மட்டும் ஏன் போதாது என்பதற்கு மூன்று கட்டிகளைப் பாருங்கள். ஒன்று 4 செ.மீ. பஞ்சு வகை. கண்ணாடியில் பார்த்தாலே தெரிகிறது, வீட்டில் அனைவருக்கும் பயம். மதிப்பெண் 0, ஊசி வேண்டாம். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமிருந்தால் அதற்காக அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்கலாம். அது வேறு கணக்கு. இரண்டாவது 1.8 செ.மீ., கெட்டி, திசுவின் நிறமே, வழவழப்பு, புள்ளியில்லை. 2-ம் 1-ம் கூட்டினால் 3. டி.ஆர்.3, ஆனால் 2.5-ஐ எட்டவில்லை. முதலாம், மூன்றாம், ஐந்தாம் ஆண்டுகளில் ஸ்கேன் செய்தால் போதும். மூன்றாவது 1.1 செ.மீ., கெட்டி, கருப்பு, நிமிர்ந்த வடிவம், முள் விளிம்பு, நுண்புள்ளிகள். 2, 2, 3, 2, 3 என்று கூட்டினால் 12. மூன்றிலும் சிறியது இதுதான், ஊசி வேண்டியதும் இதற்குத்தான். முகாம் தாளில் இந்த மூன்றும் 'நாட்யூல்' என்ற ஒரே சொல்லில் அடங்கிப் போகின்றன.

மூன்றாவது கட்டியே 8 மி.மீ. என்றால்? டி.ஆர்.5தான், ஆனால் ஊசியின் எல்லைக்குக் கீழே. நிணநீர் முடிச்சு இல்லை, கட்டி மூச்சுக்குழாயையோ குரல் நரம்பு ஓடும் பின்பக்கத்தையோ ஒட்டவில்லை என்றால் ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். ஜப்பானின் கோபே நகரில் உள்ள குமா மருத்துவமனை, ஒரு செ.மீ.க்கு உட்பட்ட ஆபத்து குறைந்த பாப்பிலரி புற்றுநோயை உடனே வெட்டாமல் கண்காணிக்கும் முறையை 1993-இல் தொடங்கியது. பத்தாண்டுகளில் 3 மி.மீ. அளவுக்கு வளர்ந்தவை நூற்றுக்கு எட்டு. நெறிக்குப் பரவியது நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. அவர்களுக்கு அப்போது செய்த அறுவை சிகிச்சையும் பலனளித்தது.

இன்னொரு குழப்பம் நம் மாவட்டத்துக்கே உரியது. கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்கேன், அந்தப் பக்கம் ஒரு ஸ்கேன் என்று இரண்டு தாளோடு வருகிறார்கள். ஒன்று அமெரிக்க முறை, மற்றது ஐரோப்பிய முறையாக இருக்கலாம். ஐரோப்பிய முறையில் 1 என்றால் கட்டியே இல்லை, 2 என்றால் சாதாரண நீர்க்கட்டி அல்லது பஞ்சு வகை. அமெரிக்க முறையில் 1 என்பதே தீங்கற்ற கட்டி. ஊசிக்கான அளவும் வேறு: ஐரோப்பிய 3-க்கு 2 செ.மீ.க்கு மேல், அமெரிக்க 3-க்கு 2.5 செ.மீ. கொரியாவுக்கும் தனி முறை உண்டு. 'டைராட்ஸ் 3' என்று மொட்டையாக எழுதினால், போன ஆண்டு 2, இந்த ஆண்டு 3, நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் அழுகை தொடங்கிவிடும். எந்த முறை என்ற ஒரு சொல்லை ரிப்போர்ட்டில் சேர்ப்பதற்கு யாருக்கும் செலவில்லை. அமெரிக்க முறை பெரியவர்களுக்கானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் தைராய்டு கட்டியை இந்த அளவுகோலை வைத்துத் தள்ளிப்போடக் கூடாது.

உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ தைராய்டிட்டிஸ் உள்ள பெண்களின் ஸ்கேனில் சுரப்பி முழுவதும் கருப்பும் வெளுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். அந்தத் திட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி 'மல்டிபிள் நாட்யூல்ஸ்' என்று எழுதுவது அன்றாடம் நடக்கிற தவறு. குறுக்கு, நெடுக்கு என இரு தளங்களிலும் எல்லையோடு தெரிந்தால்தான் அது கட்டி. ஒரு தளத்தில் தெரிந்து மறு தளத்தில் கரைந்துபோனால் வெறும் திட்டு. இவர்களுக்கு மூச்சுக்குழாயின் முன்னால் சின்ன நெறிகள் இருப்பதும் சகஜம். அதேபோல் உண்மையிலேயே பல கட்டிகள் இருந்தால், எல்லாவற்றையும் அளந்து பட்டியல் போட வேண்டியதில்லை. மதிப்பெண் அதிகமுள்ள நான்கை மட்டும் எழுதி, அவற்றில் அதிகபட்சம் இரண்டில் ஊசி போட்டால் போதும். பெரியதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, மதிப்பெண் அதிகமுள்ளதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சுரப்பியைப் பார்த்துவிட்டுப் பக்கக் கழுத்தைப் பார்க்காமல் எழுப்பிவிடுவது இன்னொரு குறை. நல்ல நெறி நீள்வட்டமாக, நடுவே கொழுப்பின் வெள்ளைக் கோட்டோடு இருக்கும். அந்தக் கோடு மறைந்து, உருண்டையாகி, உள்ளே நுண்புள்ளியோ நீரோ தெரிந்தால், தைராய்டு கட்டியின் மதிப்பெண் எவ்வளவானாலும் அந்த நெறிக்கே ஊசி போட வேண்டும். 'கழுத்து நெறிகள் பார்க்கப்பட்டன, சந்தேகத்துக்கிடமில்லை' என்ற வரி இல்லாத தைராய்டு ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான். கட்டி நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கியிருந்தால் ஒலி அங்கே போகாது. கீழ்முனை தெரியவில்லை என்று எழுதி, சி.டி.க்கு அனுப்ப வேண்டும்.

ஊசியைப் பற்றிச் சுருக்கமாக. 25 அல்லது 27 கேஜ் மெல்லிய ஊசி, ஸ்கேனில் பார்த்தபடியே போட வேண்டும். கையால் தடவிக் குத்தினால் கலப்புக் கட்டியில் நீர்தான் வரும், செல் வராது. கெட்டிப் பகுதியை, அதிலும் நுண்புள்ளி உள்ள இடத்தைக் குறிவைக்க வேண்டும். உறிஞ்சி இழுக்காமல் ஊசியை மட்டும் முன்னும் பின்னும் அசைத்தால் இரத்தம் குறைவாகக் கலக்கும். எடுத்ததைக் கண்ணாடிச் சில்லில் மெல்லியதாகப் பரப்பி, ஒரு பகுதியை நொடிகளில் ஆல்கஹாலில் போட வேண்டும். பேசிக்கொண்டே நின்றால் செல்கள் காய்ந்து, நோய்க்குறியியல் மருத்துவருக்கு எதுவும் தெரியாது. காற்றில் உலர்த்தும் சில்லுக்கு எதிர்ப்பிரச்சினை: மழைக்கால ஈரத்தில் மெதுவாக உலர்ந்தால் செல் உருக்குலையும், ஆகவே விசிறிக்குக் கீழே வைக்க வேண்டும். பத்து செல்லாவது உள்ள ஆறு தொகுதிகள் வேண்டும். அது இல்லாவிட்டால், ஊசி முடிவை 1 முதல் 6 வரை வகைப்படுத்தும் பெத்தெஸ்டா முறையில் 1, அதாவது 'போதவில்லை'. அதைப் 'புற்றுநோய் இல்லை' என்று வாசித்துவிட்டு ஓராண்டு சும்மா இருப்பவர்கள் உண்டு. கூடாது, ஊசியைத் திரும்பப் போட வேண்டும். 2 என்றால் தீங்கற்றது. 3-ம் 4-ம் இடைப்பட்டவை. 5 பலத்த சந்தேகம், 6 புற்றுநோய். 4-இல் ஊசியால் முடிவு சொல்லவே முடியாது, ஏனென்றால் ஃபாலிகுலர் புற்றுநோயா சாதாரண அடினோமாவா என்பது, செல் உறையைத் துளைத்திருக்கிறதா என்று கட்டியை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஊசி போட்டால் புற்றுநோய் பரவும் என்ற பேச்சை நம்பி மறுக்க வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தக் கூடாது.

கண்காணிப்பில் எது வளர்ச்சி? குறைந்தது இரண்டு அளவுகள் 20 சதவீதமும் 2 மி.மீ.யும் கூடியிருக்க வேண்டும், அல்லது கனஅளவு பாதிக்கு மேல் கூடியிருக்க வேண்டும். கனஅளவு என்பது மூன்று அளவையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்குவது. சென்ற ஆண்டு 14, 12, 10 மி.மீ. இருந்த கட்டி 0.87 மில்லி. இந்த ஆண்டு 15, 13, 11 என்று வந்தால் 1.12 மில்லி, 28 சதவீதக் கூடுதல். மூன்று எண்ணும் ஏறியிருக்கிறதே என்று பதற வேண்டாம், அளப்பதில் வரும் வித்தியாசத்துக்குள்தான் இது. 17, 15, 12 என்று வந்தால் 1.59 மில்லி, அது வளர்ச்சி. ஒரே ஓர் அளவை மட்டும் எழுதிய ரிப்போர்ட்டில் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. டி.ஆர்.4-க்கு முதலாம், இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் ஆண்டுகளில் பார்க்க வேண்டும். ஐந்தாண்டு மாறாமல் இருந்தால் நிறுத்திவிடலாம். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்று எழுதிக் கொடுப்பது நோயாளிக்குச் செலவு, வேறொன்றுமில்லை.

மணவாளக்குறிச்சி, சின்னவிளை, மிடாலம் பக்கத்தில் ஸ்கேன் அறைக்கு வருகிற எவரும் கேட்பது 'இந்த மண்ணாலயா?' என்பதைத்தான். மோனசைட் மணலில் தோரியம் இருக்கிறது, இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அங்கே கூடுதல், அது மெய். தைராய்டுப் புற்றுநோயைக் கூட்டுவதாக உறுதியானது, சிறுவயதில் கழுத்தில் விழும் கதிர்வீச்சும் செர்னோபிலில் 1986-இல் பாலோடு குழந்தைகளுக்குள் போனது போன்ற கதிரியக்க அயோடினும். இதேபோன்ற மணல் உள்ள கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் ஆண்டுக்கணக்கில் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-இல் வெளியானது. கதிர்வீச்சு கூடிய வீடுகளில் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. அது கொல்லத்தின் முடிவு. மணல் எடுப்பது பற்றிய வாதத்துக்கு அதைக் கேடயமாக்கக் கூடாது. ஸ்கேன் மேசையில் படுத்திருப்பவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கடற்கரையில் இருப்பதால் மதிப்பெண் கூடாது, மலையடிவாரத்தில் இருப்பதால் குறையாது. மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தின்பதாலா என்ற கேள்விக்கும் இதே பதில். அதிலிருந்து உருவாகும் தையோசயனேட், அயோடின் குறைந்த இடங்களில் கழலையை வளர்க்கும். அயோடின் உப்பும் மீனும் சேர்ந்த சாப்பாட்டில், தண்ணீர் வடித்து வேகவைத்த மரச்சீனியை நிறுத்தியதால் எந்தக் கட்டியும் கரையப் போவதில்லை.

மாவட்டத்து ஸ்கேன் சென்டர்கள் தைராய்டுக்கென அச்சடித்த ஒரு பக்கப் படிவம் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். மடல் எது, மேலா நடுவா கீழா, மூன்று அளவு, ஐந்து அம்சம், கூட்டுத்தொகை, எந்த முறை, நெறி பார்த்ததா, பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டதா என்று கட்டம் போட்டால் எதுவும் விடுபடாது. மாவட்ட சுகாதாரத் துறையும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து ஒரே படிவத்தை எல்லா மையங்களுக்கும் வழங்கினால், மார்த்தாண்டத்தில் எடுத்ததை நாகர்கோவிலில் திரும்ப எடுக்க வேண்டியிருக்காது. முகாம் நடத்தும் அமைப்புகள் அதே பணத்தில், கட்டி ஏற்கெனவே தெரிந்தும் வசதியில்லாமல் ஊசியைத் தள்ளிப்போட்டவர்களுக்கு உதவலாம்.

நோயாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கேன் மையத்தில் தரும் வழவழப்பான கருப்பு வெள்ளைப் படம் வெப்பத்தாளில் அச்சானது. வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியிலும், அடுப்படி அலமாரியிலும், லேமினேட் செய்த உறைக்குள்ளும் அது கருத்தோ வெளுத்தோ போகும். வாங்கிய அன்றே ரிப்போர்ட்டையும் படத்தையும் செல்போனில் தெளிவாகப் படமெடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். முடிந்தால் மையத்திலேயே படங்களை சி.டி. வட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது, முந்தையதைக் கையில் கொடுத்த பிறகே மேசையில் படுங்கள்.

இப்படிக்கு,
தைராய்டு ஸ்கேன் பார்க்கும் மருத்துவர்கள் சிலர்,
தக்கலை, குமரி மாவட்டம்.